சாப்பிட்ட கடைகளும் சொல்லாமல் விட்ட கடையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், மதிய உணவுக்கு முன் ஆற்றிய உரை)



செயலாளர் என்னிடம் முதலில் கேட்டது, "வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி?" என்று பேச வேண்டும் என்பதுதான். "முன்னேறினவங்க நாலு பேர் மேடையிலேயே இருக்காங்க, அவங்களைப் பேசச் சொல்லுங்க. நான் மில்லுல கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிஞ்சது சாப்பாடு ஒண்ணுதான்" என்றேன். "சரி, அதையே பேசுங்கண்ணே. ஆனா பந்தி போடுறதுக்குள்ள முடிச்சிருங்க" என்றார். பசியோடு இருப்பவர்கள் முன்னால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது பாவம். இருந்தாலும் உத்தரவு, மீற முடியாது.

நான் கூமாப்பட்டிக்காரன். முன்பெல்லாம் "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், "ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், வத்திராயிருப்பு தாண்டி, பிளவக்கல் அணைக்குப் போற வழி" என்று வரைபடமே போட்டுக் காட்ட வேண்டும். 2025ல் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் செல்போனில் எடுத்துப் போட்ட வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அதற்கப்புறம் அந்த வேலை இல்லை. எங்கெங்கிருந்தோ காரிலும் பைக்கிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

அப்படி வந்த நாலு பையன்கள் ஒருநாள் என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, "ஐயா, இங்க சாப்பிட நல்ல கடை எது?" என்று கேட்டார்கள். சாதாரணக் கேள்வி. எனக்குத் தொண்டை அடைத்து விட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தப் பையன்களுக்கு அன்றைக்கு நான் சொன்ன பட்டியலை முதலில் உங்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே தொடங்குவோம். சாப்பாட்டுக்காக வேண்டிக் கொண்ட ஊர் அது. ஆண்டாள் நாச்சியார் அழகருக்கு என்ன நேர்ந்து கொண்டாள்? நூறு அண்டா வெண்ணெய், நூறு அண்டா அக்கார வடிசில். அந்த ஊரில் பால்கோவா பிறக்காமல் வேறு எங்கே பிறக்கும்? பசும்பால், சர்க்கரை, விறகடுப்பு, விடாமல் கிண்டுகிற கை. அவ்வளவுதான் சரக்கு. பத்து லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ சர்க்கரை. 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்து விட்டது. தம்பிகளுக்கு ஒரு யோசனை: பெட்டியில் அடைத்ததை ஊருக்கு எடுத்துப் போங்கள். சாப்பிடுவதற்கு மட்டும், அன்றைக்குக் கிண்டி இறக்கியதை நூறு கிராம் இலையிலோ தாளிலோ வாங்கி, கடை வாசலிலேயே நின்று, சூட்டோடு சாப்பிடுங்கள். இரண்டும் ஒரே பண்டம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அடுத்தது விருதுநகர். எண்ணெய்ப் பரோட்டாவின் தலைநகரம். மற்ற ஊரில் பரோட்டாவைக் கல்லில் சுடுவார்கள். விருதுநகரில் எண்ணெயிலேயே குளிப்பாட்டி எடுப்பார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே பூப்போல. பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, ஊறுவதற்கு ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷம் பொறுக்க முடியாதவன் வாழ்க்கையில் எதற்கும் பொறுக்க மாட்டான். பர்மாக் கடை என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். வியாபாரத்துக்காக இந்தப் பக்கத்து மக்கள் கடல் தாண்டிப் போய் வந்த காலத்தை அந்தப் பெயர் இன்னும் ஞாபகப்படுத்திக் கொண்டிருக்கிறது.

பரோட்டாக் கடை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு நண்பன். மாதம் ஒரு தடவை விருதுநகர் போய்ப் பரோட்டா சாப்பிடாமல் இருக்க மாட்டான். "அப்படி என்னடா ருசி?" என்று கேட்டேன். "ருசி இல்லடா. எங்க ஊர் டீக்கடையில எனக்குத் தனி டம்ளர். இங்க பாரு, நான் உட்கார்ந்த பெஞ்சுல எவன் வேணும்னாலும் வந்து உட்கார்றான். நான் யார்னு ஒருத்தனும் கேக்கல" என்றான். அன்றைக்கு நான் சாப்பிட்ட பரோட்டா இறங்கவில்லை. ஓட்டல் என்பது வயிற்றுக்கு மட்டும் சோறு போடுகிற இடம் இல்லை என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான்.

சாத்தூருக்குப் போனால் காராச்சேவு. கடலை மாவைக் கண் கரண்டியில் வைத்து உள்ளங்கையால் தேய்த்து எண்ணெயில் விழ வைக்கிற வேகத்தைப் பார்ப்பதற்கே காசு கொடுக்கலாம். கோவில்பட்டிக்குப் போனால் கடலை மிட்டாய். அதற்கும் 2020ல் புவிசார் குறியீடு வந்தது. ராஜபாளையத்திலிருந்து தெற்கே செங்கோட்டை ரோட்டில் போனால் பிரானூர் பார்டர் ரஹ்மத் கடை, நாட்டுக்கோழியும் பரோட்டாவும். குற்றாலத்தில் குளித்த பசிக்கு அதுதான் மருந்து. இன்னும் கீழே திருநெல்வேலி போனால் இருட்டுக்கடை அல்வா. சாயங்காலம் திறப்பார்கள். வரிசையில் நிற்க வேண்டும். நில்லுங்கள், தப்பில்லை.

இனி மதுரை. அது தனிக் கதை. அதற்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக் கதை சொல்ல வேண்டும்.

என் மகள் பிரான்ஸ் நாட்டில் லியோன் என்ற ஊரில் படித்தாள். 2014ல் பத்து நாள் போய் இருந்து விட்டு வந்தேன். இரண்டு ஆறு சேருகிற ஊர், பட்டு நெசவாளர் ஊர். 1930களிலேயே அந்த நாட்டுச் சாப்பாட்டு எழுத்தாளர் ஒருவர் அதை உலகச் சாப்பாட்டுத் தலைநகரம் என்று எழுதி விட்டார். அந்தப் பெருமையில் அவர்களுக்குக் கொஞ்சம் மிதப்புதான். மகள் என்னைப் 'பூஷோன்' என்ற மாதிரிக் கடைக்குக் கூட்டிப் போனாள். நான் பெரிய பளபளப்பை எதிர்பார்த்தேன். உள்ளே போனால் கட்டம் போட்ட மேசைத் துணி, இடித்துக் கொண்டு உட்காருகிற நாற்காலி, சத்தமாகப் பேசுகிற முதலாளி. சாப்பிடக் கிடைப்பதோ குடல், ஈரல், மீனை அரைத்துக் கொழுக்கட்டை மாதிரிப் பிடித்து வேக வைத்தது. "ஏம்மா, இது நம்ம மதுரை மெஸ்ஸேதானே? குடல் குழம்பு, ஈரல் வறுவல், நெருக்கி உட்கார்ந்தா பந்தி" என்றேன். சிரித்தாள். விஷயம் அதுதான். விடியற்காலையிலேயே தறியில் உட்கார்ந்த பட்டுத் தொழிலாளி பசியாற, மலிவான கறியை ருசியாக்கித் தின்ற பழக்கத்திலிருந்து வந்த சாப்பாடு அது.

அந்த ஊர்ச் சாப்பாட்டை உலகறியச் செய்தவர்கள் யார் தெரியுமா? அம்மாக்கள். பணக்காரர் வீடுகளில் சமையல் வேலை பார்த்த பெண்கள், வேலை போன பிறகு தாங்களே சின்னதாகக் கடை போட்டார்கள். ஊர் அவர்களை 'மேர்' என்று கூப்பிட்டது. மேர் என்றால் அம்மா. அதில் ஒருவர் எஜெனி பிராசியே. பண்ணையில் பிறந்தவர், பத்து வயதில் தாயை இழந்தவர், பன்றி மேய்த்தவர். 1921ல் லியோனில் கடை போட்டார். 1933ல், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிஷெலின் கையேடு, அவருடைய இரண்டு கடைகளுக்கும் மும்மூன்று நட்சத்திரம் கொடுத்தது. பின்னாளில் பிரான்சின் பெரிய சமையல்காரர் என்று பெயரெடுத்த போல் போக்கூஸ், அந்த அம்மாவின் அடுப்படியில் வேலை கற்றவர்தான். அந்த ஊர்ச் சந்தைக்கே இன்று போக்கூஸ் பெயர். ஆனாலும் கடைக்குப் பெயர் இன்னும் 'மேர் பிராசியே'. தமிழில் சொன்னால், பிராசியே அம்மா கடை.

இதைக் கேட்டபோது எனக்கு மதுரை ஞாபகம்தான் வந்தது. மதுரையில் 'அம்மா மெஸ்' என்றே பெயர் வைத்த கடை இருக்கிறதே! சிம்மக்கல் கோனார் மெஸ்ஸில் கறி தோசை: அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கறி, மூன்றும் ஒட்டிப் பிறந்த மாதிரி வரும். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம். சட்னியோடு சாப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் மீனாட்சி கோயில் கோபுரம். முருகன் இட்லிக் கடையில் இலை போட்டு, சுடச்சுட இட்லி, சுற்றிலும் விதவிதமாய்ச் சட்னி. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா: பால், கடல்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம். இதையெல்லாம் செரிக்க வைக்க, சாயங்காலம் தெருவோரம் தள்ளுவண்டியில் பருத்திப்பால். அழகர்கோயில் போனால் நெய்யில் முறுகிய பிரசாதத் தோசை. ஆண்டாள் நேர்ந்து கொண்ட சாமி இன்னும் சாப்பாட்டு ராமன்தான். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கும் மதுரையில் இட்லிச் சட்டி ஆவி விடும். தூங்கா நகரம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் தம்பிகளே, பெயர்ப் பலகை உள்ள கடைகளை யார் வேண்டுமானாலும் சொல்லி விடுவார்கள். செல்போனைத் தட்டினால் நட்சத்திரத்தோடு வரும். பெயர்ப் பலகை இல்லாத கடைகள் எத்தனை! பஸ் நிறுத்தத்தில், மில் வாசலில், ஆஸ்பத்திரி எதிரில், ஓர் அடுப்பும் ஓர் இட்லிச் சட்டியும் வைத்துக் கொண்டு ஆயிரக்கணக்கான வயிறுகளைக் காப்பாற்றிய ஆச்சிகளும் அக்காக்களும் எத்தனை பேர்! அவர்களுக்கு யார் நட்சத்திரம் கொடுத்தது?

இப்போது அந்தக் கடைசி விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இன்றைக்கு மேடை ஏறினேன். செயலாளருக்குக் கூடத் தெரியாது.

1981. நாங்கள் இறுதியாண்டு. எட்டுப் பேர் பிளவக்கல் அணை பார்க்கக் கிளம்பினோம். அதில் ஐந்து பேர் இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் கூமாப்பட்டியில் இறங்கினோம். எல்லாருக்கும் அகோரப் பசி. புளியமரத்தடியில் ஓர் இட்லிக் கடை. நான், "வாங்கடா, அந்தப் பக்கம் நல்ல கடை இருக்கு" என்று இழுத்தேன். "போடா, வாசனை இங்கதான் வருது" என்று அத்தனை பேரும் உட்கார்ந்து விட்டார்கள்.

அந்த அம்மா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக் கொண்டேன். அவ்வளவுதான். அவர்களுக்குப் புரிந்து விட்டது. "வாங்க தம்பிகளா, உட்காருங்க" என்று எல்லாருக்கும் சொன்ன மாதிரியே எனக்கும் சொல்லி, எல்லாருக்கும் வைத்த மாதிரியே எனக்கும் வைத்தார்கள். தேங்காய்ச் சட்னி, சாம்பார். இரண்டு ஈடு காலியானது. கடைசியில் நான்தான் காசு கொடுத்தேன். எண்ணி வாங்கிச் சுருக்குப் பையில் போட்டுக் கொண்டு, "இந்தாங்க தம்பி, மீதி" என்று கையில் சில்லறையைக் கொடுத்தார்கள்.

நண்பர்களே, நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு சந்திப்பிலும் நீங்கள் சொல்வீர்கள்: "என்ன இருந்தாலும் அந்தக் கூமாப்பட்டி இட்லி மாதிரி வராதுடா." நானும் தலையாட்டிச் சிரிப்பேன். அந்த இட்லிக் கடைக்காரம்மா என்னைப் பெற்ற தாய்.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்து விட்டார். சாயங்காலம் ஆட்டுக்கல்லில் மாவாட்டி, விடியக்காலம் மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, ஒரு இட்லி பதினைந்து பைசாவுக்கு விற்று என்னைப் பட்டதாரி ஆக்கினவர்கள். கல்லூரியில் "அம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டால் "வீட்டில் இருக்காங்க" என்பேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற, பெற்ற தாயிடம் வழிப்போக்கன் மாதிரி மீதிச் சில்லறை வாங்கினேன்.

அன்று ராத்திரி உங்களை எல்லாம் பஸ் ஏற்றி விட்டு வீட்டுக்குப் போனேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். எனக்கென்று நாலு இட்லி எடுத்து வைத்திருந்தார்கள். "உன் கூட்டாளிக நல்லா சாப்பிடுதுக. பாவம், பசியோட வந்திருக்குதுக" என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம், கேட்கலாம் என்று தள்ளிப் போட்டு, 1998ல் அவர்கள் கண்ணை மூடி விட்டார்கள்.

அதனால்தான் அந்தப் பையன்கள் "நல்ல கடை எது?" என்று கேட்டபோது தொண்டை அடைத்தது. இருந்ததிலேயே நல்ல கடையை நான்தான் யாரிடமும் சொல்லவில்லை. புளியமரம் இன்று இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. லியோனில் ஓர் அம்மாவின் பெயரை நூறு வருஷமாகப் பலகையில் வைத்திருக்கிறார்கள். நான் என் அம்மாவை நண்பர்களிடம் அறிமுகம் கூடச் செய்யவில்லை.

தம்பி தங்கைகளே, உங்களில் யாருடைய அப்பா டீ ஆற்றுகிறாரோ, யாருடைய அம்மா வடை சுடுகிறாரோ, தயவுசெய்து இன்றைக்கே உங்கள் கூட்டாளிகளைக் கூட்டிப் போய், "இது எங்க கடை" என்று சொல்லிச் சாப்பிட வையுங்கள். அதற்கு ஒரு நிமிஷத் தைரியம்தான் வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தைத் தவற விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி.

இன்னொரு வேண்டுகோள் சங்கத்துக்கு. விருதுநகரில் பிறந்த காமராசர், முதலமைச்சராக இருந்து 1956ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவைத் தொடங்கினார். 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது. அது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. கல்லூரிப் பிள்ளைக்கு? வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து, மலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிற பிள்ளை, நானும் அப்படி வந்தவன்தான், காலையில் என்ன சாப்பிட்டு வருகிறது? எனக்காவது வீட்டில் இட்லிக் கடை இருந்தது. மற்றவர்களுக்கு? முதல் பீரியடில் தூங்குகிற பையனைத் திட்டுவதற்கு முன்னால், சாப்பிட்டானா என்று கேட்க வேண்டும்.

நான் கணக்கன். கணக்கோடுதான் வந்திருக்கிறேன். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய்ச் சிற்றுண்டி என்றால் ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய். 180 வேலை நாளுக்கு 1,80,000 ரூபாய். நம் சங்கத்தில் 360 பேர் ஆளுக்கு வருஷம் 500 ரூபாய் கொடுத்தால் கணக்கு நேராகி விடும். விடுதி மெஸ்ஸில் காலையில் எப்படியும் அடுப்பு எரிகிறது; நாற்பது பேருக்குக் கூடுதலாக மாவு ஆட்டினால் போதும். முதல் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் என் பங்கு. காசோலை இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனுக்கும், சும்மா சாப்பிடுகிறவனுக்கும் ஒரே நிற டோக்கன், ஒரே வரிசை, ஒரே தட்டு. யார் காசு கட்டினான், யார் கட்டவில்லை என்பது அலுவலகத்துக்கு மட்டும் தெரிந்தால் போதும். பசியை விடக் கூச்சம் பொல்லாதது. கூச்சத்தினால் தாயையே மறைத்தவன் சொல்கிறேன், நம்புங்கள். திட்டத்துக்கு என் பெயரோ என் அம்மா பெயரோ வேண்டாம். 'இட்லிக் கடை' என்று வையுங்கள், போதும்.

பந்தி போடும் சத்தம் கேட்கிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்றைக்குப் பந்திக்குச் சமைத்தவர்கள் பின்னால் அடுப்படியில் நிற்கிறார்கள். சாப்பிட்டு எழுந்ததும் ஒரு நடை அங்கே போய், அவர்கள் பெயரைக் கேட்டு, "நல்லா இருந்தது" என்று சொல்லி விட்டுப் போங்கள்.